காது கொடுத்த கதை

1940-ஆம் வருஷத்தில் பிறந்த ஒரு போர்டு மோட்டாருக்கு, சென்ற வருஷம், நான் மூன்று நாள் காதாக இருந்தேன்.

எழுத்தாளன் என்று பெயரெடுத்துவிட்டால் மனிதனுக்கு என்னென்னவோ உத்தியோகங்கள் வந்து சேருகின்றன. கல்யாணத்தில் வாழ்த்துரை, பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிக்கு நடுவர், யாரோ ஒருவருடைய மாமனார் எழுதிய கவிதைகளுக்கு முன்னுரை. இவற்றில் எதற்கும் நான் லாயக்கானவன் என்று எனக்குத் தோன்றியதில்லை. இந்தக் காது உத்தியோகம் மட்டும் அப்படியல்ல. சம்பளம் கிடையாது. காப்பி உண்டு, அமெரிக்கர்கள் காப்பி என்று கொடுப்பதைக் காப்பி என்று ஒப்புக்கொண்டால்.

என் தம்பி கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குக் கிழக்கே சுமார் 30 மைலில் உள்ள பொமோனா என்ற ஊரில் இருக்கிறான். “இரண்டு மாதம் இங்கே வந்து உட்கார்ந்து நாவலை முடி, அண்ணா” என்று சொல்லி டிக்கெட்டும் அனுப்பிவிட்டான். காலை எட்டு மணிக்கு அவனும் அவன் மனைவியும் வேலைக்குப் போய்விடுவார்கள். குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்விடும். அதற்கப்புறம் அந்தத் தெருவில் நடமாட்டம் என்று பார்த்தால் நானும் ஒரு சாம்பல் நிறப் பூனையும்தான். நாவலில் கதாநாயகி கிணற்றடியில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். பதினைந்து நாளாக நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த வீட்டுக் கிழவர் ஒரு நாள் வேலி ஓரமாக வந்து நின்று, ஊர் பேர் ஒன்றும் விசாரிக்காமல், முதல் கேள்வியாக, “உங்களுக்குக் காது நன்றாகக் கேட்குமா?” என்றார்.

“கேட்கும்” என்றேன்.

“என்ன?” என்றார்.

அன்றிரவு தம்பியிடம் சொன்னபோது அவன் பதறிப்போய்விட்டான். “அண்ணா, அவர்கிட்ட மாட்டிக்காதே. ஒரு நிமிஷம்னுதான் கூப்பிடுவார். என்னைத் தீபாவளிக்குக் கூப்பிட்டார், பொங்கலுக்குத்தான் விட்டார்” என்றான். ஆனால் நான் அதற்குள் மாட்டிக்கொண்டாகிவிட்டது.

கிழவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு விமானத் தொழிற்சாலையில் லேத்திலும், ரிவெட் அடிக்கும் இடத்திலும் வேலை பார்த்தவர். இரைச்சலில் வேலை செய்கிறவர்களின் காது விளக்கை அணைத்தாற்போல ஒரே நாளில் போய்விடுவதில்லை. முதலில் போவது உச்ச ஸ்தாயி. விநாடிக்கு 3000 முதல் 6000 வரை அதிர்கிற ஒலிகள். குருவிச் சத்தம் போகும், பேச்சில் ‘ஸ’வும் ‘ஷ’வும் போகும், மனிதர்கள் வாயை மென்றுகொண்டு பேசுவது போலத் தோன்றும். கீழ் ஸ்தாயி மட்டும் கடைசிவரை துணை இருக்கும். ஆகையால், தம்முடைய மோட்டாரின் பின்னால் வருகிற இடிமுழக்கம் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. முன்னால் கார்புரேட்டருக்குள் காற்று நுழைகிற ‘ஸ்’ என்ற ஓசைதான் கேட்கவில்லை.

காதில் வைத்துக்கொள்ளும் கருவி இல்லையா என்று கேட்பீர்கள். இரண்டு காதுக்கும் நல்ல விலையில் வாங்கி வைத்திருந்தார். அதற்குள் இருக்கும் கம்ப்யூட்டர் மகா புத்திசாலி. ஒரே சீராக வருகிற ‘ஸ்’ ஓசை மனிதக் குரல் அல்ல, வெறும் இரைச்சல் என்று தீர்மானம் செய்து அதை அமுக்கிவிடுகிறது! அவருக்கு இந்த உலகத்தில் அப்போது வேண்டியிருந்தது அந்த ‘ஸ்’ ஒன்றுதான்.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

ஹென்றி போர்டு 1932-ல் ஒரு காரியம் செய்தார். அதற்கு முன்பும் எட்டு சிலிண்டர் யந்திரங்கள் இருந்தன. அவை பணக்காரர் வீட்டு வண்டிகளில் இருந்தன. நாலும் நாலுமாக எட்டு சிலிண்டரை ‘வி’ வடிவத்தில் சாய்த்து, எல்லாவற்றையும் ஒரே வார்ப்பாக வார்த்து, சாதாரண மனிதன் வாங்கக்கூடிய விலையில் கொடுத்தவர் போர்டு. முதல் வருஷத்தில் அதன் சக்தி 65 குதிரை. கிழவரின் 1940 வண்டியில் அதே 221 கன அங்குல யந்திரம் 85 குதிரைச் சக்தி கொடுத்தது. இன்று நம் ஊர்ச் சின்னக் கார்களில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள யந்திரமே ஏறக்குறைய அவ்வளவு சக்தி கொடுக்கிறது என்றால், இந்தப் பெரியவர் எவ்வளவு சோம்பேறி என்பது விளங்கும்.

சோம்பேறித்தனத்துக்குக் காரணம் அதன் தலை. இந்த ஜாதி யந்திரத்துக்குத் ‘தட்டைத் தலை’ என்றே பெயர். வழக்கமாக இன்றைய யந்திரங்களில் காற்றை விடுகிற வால்வுகள் சிலிண்டருக்கு மேலே, தலைப்பகுதியில் இருக்கும். தட்டைத் தலையில் அவை பக்கத்திலேயே, சிலிண்டரோடு சேர்ந்த வார்ப்பில், நிமிர்ந்து நிற்கின்றன. தலை என்பது வெறும் மூடி, பானைக்குத் தட்டு மூடிய மாதிரி. செய்ய எளிது, பழுது பார்க்க எளிது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் இருந்ததும் நாலு சிலிண்டர் தட்டைத் தலைதான். ஆனால் உள்ளே போகிற காற்று மேலேயிருந்து கீழே இறங்கி, வால்வு வழியாக மேலே ஏறி, பக்கவாட்டில் திரும்பிச் சிலிண்டருக்குள் விழவேண்டும். வெளியே வருகிற புகையோ இன்னும் மோசம். வார்ப்பின் உள்ளேயே சிலிண்டர்களுக்கு நடுவே புகுந்து, ஒரு பக்கத்துக்கு மூன்றே வாசல் வழியாக, நடு இரண்டு சிலிண்டரும் ஒரே வாசலைப் பங்குபோட்டுக்கொண்டு, வெளியேற வேண்டும். போகிற வழியெல்லாம் தண்ணீரைக் கொதிக்கவைத்துக்கொண்டே போகும். சுருக்கமாகச் சொன்னால், அதற்கு நல்ல பலம் உண்டு, மூச்சுத்தான் போதாது.

இந்த மூச்சைப் பெரிதாக்குவதற்குத்தான் கலிபோர்னியாப் பையன்கள் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இரவு பகலாகப் பாடுபட்டார்கள். 1936 முதல் 1938 வரை போர்டு வண்டிகளில் வந்த ஸ்ட்ராம்பர்க் 97 என்ற கார்புரேட்டர் அவர்களுக்கு அமிர்தமாக வாய்த்தது. 97 என்பது அதன் தொண்டையின் குறுக்களவு, ஓர் அங்குலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. பழைய இரும்புக் கடையில் ஒன்றுக்கு இரண்டாக எடுத்து வந்து, இரண்டையும் தாங்கக்கூடிய அலுமினியக் குழாய்ப் பீடம் ஒன்றைச் செய்து மேலே உட்காரவைத்தார்கள். விக் எடல்பிராக் என்ற லாஸ் ஏஞ்சலஸ் மெக்கானிக் 1938-ல் தம் சொந்த வண்டிக்காக அப்படி ஒரு பீடம் செய்தார். அதுவே பிறகு பெரிய வியாபாரமாக வளர்ந்தது. மொஹாவி பாலைவனத்தில் மியுராக் என்ற வற்றிப்போன ஏரியின் தரை சிமெண்டுத் தளம் போலக் கெட்டியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் யார் வண்டி வேகம் என்று பார்ப்பார்கள். யுத்தத்துக்குப் பிறகு, பட்டாளத்தில் யந்திரம் கற்றுக்கொண்டு திரும்பிய பையன்களால் இந்தப் பித்து இன்னும் அதிகமாயிற்று. நம் கிழவர் அந்தத் தலைமுறைக்கும் தம்பி. 1958-ல், பதினாறு வயதில், பழைய வண்டியாக இதை வாங்கினார். மறு வருஷமே இரண்டாவது கார்புரேட்டரை ஏற்றிவிட்டார்.

இனிமேல்தான் சங்கடம்.

கார்புரேட்டரின் வேலை காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுப்பது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று. யந்திரம் காற்றை உறிஞ்சுகிறது. காற்று குறுகலான தொண்டை வழியாக வேகமாகப் போகிறது. வேகமாகப் போகிற இடத்தில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு பெட்ரோலைச் சின்னத் துளை வழியாக இழுத்துக்கொள்கிறது. கம்ப்யூட்டர் இல்லை, மின்சாரம் இல்லை. ஒரு கார்புரேட்டர் இருக்கிறவரையில் எல்லாம் சுகம். இரண்டு ஆனதும், ஒரே சமையலறையில் இரண்டு ஓரகத்திகள் புகுந்த கதைதான். ஒருத்தி கொஞ்சம் அதிகமாக மூச்சு வாங்கினால் மற்றவள் சும்மா இருப்பாள். முன்னவளைச் சரிசெய்தால் பின்னவள் நிலை மாறும். பின்னவளைத் திருத்தினால் முன்னவள் முகம் கோணும். வண்டி நிற்கையில் குலுங்கும். காலை வைத்து அழுத்தினால் ஒரு நொடி தயங்கும்.

இரண்டையும் சமமாக்குவதற்குப் பழைய மெக்கானிக்குகள் வைத்திருந்த கருவி, ஒரு கஜ நீள ரப்பர் குழாய். ஒரு நுனி கார்புரேட்டர் வாயில். ஒரு நுனி காதில். அவ்வளவே.

“இதுவரை யார் கேட்டுச் சொன்னார்கள்?” என்று கேட்டேன்.

“என் மனைவி. 2019 வரையில்” என்றார். சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிற பாவனையில் குனிந்துகொண்டார். அது அவர் கையிலேயே இருந்தது.

கிழவர் மகள் வீட்டோடு போகப் போகிறார். அங்கே கராஜ் கிடையாது. வண்டியை அரிஸோனா மாநிலத்து மனிதர் ஒருவர் வாங்கியிருந்தார். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. பணம் வந்தாகிவிட்டது. வாங்கியவர் வண்டியைப் பார்த்து, ஓட்டி, திருப்தியாகி, கை குலுக்கிவிட்டும் போயிருந்தார். அதற்குமேல் அதைத் தொடவேண்டிய அவசியம் எதுவும் இல்லை. “அவருக்குத் தெரியவில்லை, ஆனால் பின்னது சரியில்லை” என்றார் கிழவர். “எனக்குக் கேட்கவில்லை, ஆனால் காலுக்குத் தெரிகிறது.”

புதன்கிழமை காலை நான் வேட்டியோடு போய் நின்றேன். கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, யந்திரத்தின் முன்னால் சுழல்கிற விசிறியைக் காட்டி, பிறகு என் வேட்டியைக் காட்டி, இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கையாலேயே நடித்துக் காட்டினார். சொல் வேண்டியிருக்கவில்லை. தம்பியின் கால்சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பினேன். தம்பி என்னைவிட இரண்டு சுற்றுப் பெருத்தவன். மூன்று நாளும் ஒரு கை குழாயைப் பிடித்தது. மற்றொரு கை மானத்தைப் பிடித்தது.

அவர் உடனே கார்புரேட்டரைத் தொட்டுவிடவில்லை. முதலில் மின்சாரம். பிளக்குகளைக் கழற்றித் துடைத்து இடைவெளி பார்த்தார், பாயிண்டுகளைப் பார்த்தார். தீப்பொறி சரியில்லாத வண்டியில் கார்புரேட்டரைத் திருகுகிறவன், பல்வலிக்கு மூக்குக் கண்ணாடி மாற்றுகிறவன் என்பது அவருடைய சித்தாந்தம். எட்டு சிலிண்டரும் வெடிக்கிற வரிசையை, 1-5-4-8-6-3-7-2 என்று, எங்கள் பாட்டி சகஸ்ரநாமம் சொல்கிற வேகத்தில் சொன்னார். பிறகு ஸ்டார்ட் செய்து இருபது நிமிஷம் சூடேறவிட்டார். 6 வோல்ட் பாட்டரி. ஸ்டார்ட்டர் தூங்கி எழுந்தவன் சோம்பல் முறிப்பது போல இரண்டு முனகல் முனகியது. பிறகு பிடித்துக்கொண்டது.

அடுத்தாற்போல் இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் கம்பியைக் கழற்றினார். “சேர்ந்து நடக்கச் சொல்வதற்கு முன்னால் தனித்தனியாக நிற்கத் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும்.” ஒவ்வொன்றிலும் பட்டர்ஃபிளை எவ்வளவு திறக்கிறது என்பதற்கு ஒரு திருகு, பெட்ரோல் கலவைக்கு, இரண்டு தொண்டைக்கும் ஒவ்வொன்றாக, இரண்டு திருகு. ஆக மொத்தம் ஆறு. கலவைத் திருகுகளை மெதுவாக முழுவதும் மூடி, பிறகு ஒன்றரைச் சுற்றுத் திறப்பது ஆரம்ப நிலை. அதற்கப்புறம் காது.

குழாயைக் காதில் வைத்து முன்னதன் வாயருகே பிடித்தேன். அந்த ஓசையை எழுத்தில் கொண்டுவர முடியுமா என்று தெரியவில்லை. வெளியே யந்திரம் போடுகிற கூச்சலுக்கு நடுவே, சன்னமாக, தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்து அது அடங்காமலே நீடித்தால் எப்படியோ, அப்படி ஒரு ‘ஸ்ஸ்’. பின்னதற்குப் போனால் அதே ‘ஸ்ஸ்’, அரை வீசம் தடிப்பாக. முன்னே, பின்னே, மறுபடி முன்னே. நான் பின்னதைக் காட்டிக் கட்டை விரலைக் கீழே இறக்கினால் அவர் ஸ்க்ரூவை ஒரு மயிரிழை திருப்புவார்.

சங்கீதம் கற்றுக்கொண்டவன் அல்ல நான். ஆனாலும் சபாக்களில் கச்சேரி ஆரம்பிப்பதற்கு முன் தம்பூராவுக்குச் சுருதி சேர்க்கிற நேரம் எனக்கு எப்போதும் பிடித்தமானது. அந்தப் பிருடையை நகர்த்துகிற விரல்களைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சேராத வரையில் இரண்டு தந்தி. சேர்ந்த நிமிஷத்தில் ஒன்று. இங்கேயும் அப்படித்தான் நேர்ந்தது. முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு, குழாயை முன்னும் பின்னும் மாற்றி வைத்தாலும் எது எது என்று எனக்குத் தெரியவில்லை.

கிழவர் என் காதை நம்பினார் என்றாலும், சாட்சிக்கு ஒரு கருவியும் வைத்திருந்தார். யூனிசின் என்று பெயர். கார்புரேட்டர் வாயில் கவிழ்த்தால் ஒரு கண்ணாடிக் குழலுக்குள் சின்ன மிதவை எழும்பி, எவ்வளவு காற்றுப் போகிறதென்று காட்டும். இரண்டிலும் மிதவை ஒரே கோட்டில் நின்றது. “பாஸ்” என்றேன். கிழவர் தலையை ஆட்டவில்லை. உறிஞ்சு சக்தியைக் காட்டுகிற மீட்டரைப் பொருத்தினார். நல்ல தட்டைத் தலை யந்திரம் நின்ற நிலையில் 18-லிருந்து 20 அங்குலம் காட்டவேண்டும். இது 15 காட்டியது. அதோடு முன்னதன் கலவைத் திருகுகள் ஒன்றரைச் சுற்றில் நிம்மதியாக இருக்க, பின்னதற்கு இரண்டரைச் சுற்றுத் திறந்தும் போதவில்லை. யந்திரம் அவ்வப்போது கார்புரேட்டர் வழியாகவே தும்மியது. “இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பசி?” என்று கேட்டுவிட்டு, ஐஸ் தண்ணீர் எடுத்துவர உள்ளே போனார்.

யந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வேலை இல்லை. குழாய் காதிலேயே இருந்தது. மறுநுனியை எடுத்துப் பின் கார்புரேட்டரைச் சுற்றிச் சும்மா உலாவவிட்டேன், வைத்தியர் குழந்தையின் முதுகில் வைப்பது போல. அடிப்பாகத்தில், பட்டர்ஃபிளையின் அச்சு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்கு வந்தபோது, ‘ஸ்ஸ்’ இல்லை. ‘ஸீ’ என்று ஒரு விசில். மூக்கடைத்த குழந்தை தூங்குகிறபோது கேட்குமே, அது. குழாயை நகர்த்தினேன், நின்றது. கொண்டுவந்தேன், கேட்டது.

கிழவர் வந்ததும் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். தண்ணீர்த் தம்ளரைக் கீழே வைத்தார். எண்ணெய்க் கேனை எடுத்து அந்த அச்சின் ஓரத்தில் இரண்டு சொட்டு விட்டார். விசில் நின்றது. யந்திரத்தின் குரலே மாறியது. மீட்டர் ஊசி 15-லிருந்து 18-க்கு ஏறி, எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டதும் மறுபடி இறங்கியது.

விஷயம் இவ்வளவுதான். காலால் அழுத்துகிற பெடலின் கம்பி பின் கார்புரேட்டரைத்தான் நேரே இழுக்கிறது. முன்னது இணைப்புக் கம்பியின் தயவில் கூடவே திரும்புகிறது. அறுபது வருஷத்துக்கு மேலாக இழுபட்டு இழுபட்டுப் பின்னதன் அச்சு தன் துவாரத்தைத் தேய்த்துக் கோழிமுட்டை வடிவமாக்கிவிட்டது. அந்த இடுக்கு வழியாகத் திருட்டுக் காற்று புகுந்துகொண்டிருந்தது. யூனிசினோ வாய் வழியாகப் போகிற காற்றை மட்டுமே அளக்கும். கொல்லைப்புறமாக நுழைகிறவனை அதற்குத் தெரியாது. குடும்பத்திலும் அதிகமாக இழுபடுகிறவன் யாரோ அவனிடம்தான் ஓட்டை விழுகிறது என்று எழுதத் தோன்றுகிறது. நாவலில் எங்காவது வைத்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை பூராவும் கிழவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காதுக்குத்தான் வயதாகியிருந்தது. கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, அடிப்பாகத்தைத் தனியே எடுத்தார். பட்டர்ஃபிளைத் தகட்டைப் பிடித்திருக்கும் சின்னத் திருகுகளின் முனையை நசுக்கியிருப்பார்கள். அதில் ஒன்று கழன்று யந்திரத்துக்குள் விழுந்தால் பெருஞ்சேதம். ஆகையால் அந்த நசுங்கலை அரத்தால் ராவி, புதுத் திருகு போடவேண்டும். தேய்ந்த துவாரத்தைப் பெரிதாக்கி, சின்ன லேத்தில் ஒரு வெண்கல புஷ் கடைந்தார், மோதிரத்தைவிட மெல்லியது. இறுக்கமாகத் தட்டி உள்ளே ஏற்றினார். அச்சு இப்போது வழுக்கிக்கொண்டு சுழன்றது, ஆடவில்லை. தகடுகளைத் திரும்ப வைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். ஓரத்தில் பிறைக் கீற்று மாதிரி வெளிச்சம் தெரிந்தது. தளர்த்தி, நகர்த்தி, மறுபடி பார்த்தார். கீற்று மறையும்வரை ஏழெட்டுத் தடவை.

ஸ்ட்ராம்பர்க் 97-ஐ இன்றும் இங்கிலாந்தில் புதிதாகச் செய்து விற்கிறார்கள் என்று தம்பி தன் டெலிபோனில் பார்த்துச் சொன்னான். கிழவருக்கும் அது தெரியும். “நல்ல சரக்கு. ஆனால் இது வண்டியோடு இருந்தது” என்றார். அவருக்குக் கோபம் வந்தது ஒரே விஷயத்தில்: பெட்ரோலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு சாராயம் கலக்கிறார்கள் என்பதில். அது பழைய ரப்பரைத் தின்கிறது. சூடான யந்திரத்தை நிறுத்தியதும் கிண்ணத்திலேயே கொதிக்கிறது. நம் ஊரில் அதைவிட அதிகம் கலக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஊர் மானத்தைப் பிற தேசத்தில் விட்டுக்கொடுக்கக்கூடாது. நம் ஊரிலும் 2020 ஏப்ரலில் வந்த புகை விதியோடு புது மோட்டார் சைக்கிள்களிலிருந்து கார்புரேட்டர் பெரும்பாலும் விடைபெற்றுவிட்டது. தெருமுனை மெக்கானிக் கையில் சின்ன ஸ்க்ரூ டிரைவரோடு, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு வண்டியைக் கேட்கிற அந்தக் காட்சி இன்னும் எத்தனை வருஷத்துக்கோ!

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் ஆதியிலிருந்து செய்தோம். சூடேற்றல், கம்பி கழற்றல், குழாய். பின்னதன் கலவைத் திருகு ஒன்றரைச் சுற்றைத் தாண்டவேண்டியிருக்கவில்லை. மூடிக்கொண்டே போனால் யந்திரம் தடுமாறும். திறந்துகொண்டே போனால் கனத்துப்போய்ப் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி நடக்கும். நடுவே ஓர் இடத்தில் தானாக வேகம் பிடித்து நிமிர்கிறது. அந்த இடத்தை நான்கு திருகுக்கும் கண்டுபிடித்தோம். ஊசி 19-ல் போய் அசையாமல் நின்றது. இணைப்புக் கம்பியை, எந்தப் பக்கமும் இழுக்காத நீளத்துக்கு அளந்து மாட்டினார். வேகத்தைக் கொஞ்சம் கூட்டி மறுபடி கேட்கச் சொன்னார். நிற்கும்போது ஒற்றுமையாக இருப்பது பெரிதல்ல, புறப்படும்போது பார்க்கவேண்டும் என்றார். கேட்டேன். ஒரே ‘ஸ்ஸ்’.

கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். கிழவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மட்கார்டின் மேல் வைத்தார். பிறகு உள்ளங்கையை அலுமினியப் பீடத்தின் மேல் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். அவருக்குக் கேட்கவில்லை, அதிர்வில் தெரிந்ததோ என்னவோ. என்னை உட்காரவைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி, மலை அடிவாரம்வரை ஓட்டினார். சிவப்பு விளக்கில் நின்று பச்சையில் புறப்படும்போதெல்லாம் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். தயக்கமே இல்லை. திரும்பி வந்ததும் ஒரு சீட்டை எடுத்து, ஆறு திருகுகளின் சுற்றுக்களையும், ஜெட் நம்பரையும், தேதியையும் எழுதி, சன் கண்ணாடியை மறைக்கும் பலகையில் செருகினார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அரிஸோனா மனிதர் வந்தார். நல்லவர், உரக்கப் பேசத் தெரிந்தவர். பெரிய லாரிக்குப் பின்னால் பலகை வண்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கிழவர் சாவியை நீட்டினார். ஸ்டார்ட் செய்து பார்ப்பார் என்று நானும் பானெட் பக்கமாகத் தயாராக நின்றேன். அவரோ, “வேண்டாம், எதற்குச் சூடாக்க வேண்டும்?” என்று சொல்லிவிட்டு, வண்டியின் முன்னச்சில் கொக்கியை மாட்டி, ஒரு பொத்தானை அழுத்தினார். சங்கிலி சுருண்டது. வண்டி, இழுத்த இழுப்புக்கு, ஒரு சத்தமும் போடாமல் பலகை மேல் ஏறிற்று.

கிழவர் சீட்டு இருக்கும் இடத்தைக் காட்டினார். ரப்பர் குழாயைச் சுருட்டி ஆசனத்தின் மேல் வைத்தார். அது எதற்கு என்று அந்த மனிதர் கேட்டார், கிழவர் சொன்னார், அவர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார்.

லாரி திரும்பி மறைந்த பிறகு தம்பி என்னிடம், “அந்த ஆளுக்கு எந்த ஊர் தெரியுமா அண்ணா? ஃபிளாக்ஸ்டாஃப். மலை மேலே, 7000 அடி. நம்ம பொமோனா ஆயிரம் அடிகூட இல்லை” என்றான். எனக்குச் சொரேலென்றது. உயரத்தில் காற்று இளைத்துவிடும். அதே திருகு, அதே ஜெட், ஆனால் கலவை கனத்துப்போகும். மூன்று நாளில் நாங்கள் சேர்த்த சுருதி மலை ஏறுவதற்குள் கலைந்துவிடும். ஜெட் உள்பட எல்லாவற்றையும் மாற்றி, மறுபடி ஆரம்பத்திலிருந்து கேட்கவேண்டும். வேலிக்கு அந்தப் புறம் போய், காதருகே உரக்க, அவருக்கு இது தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியும்” என்றார் கிழவர்.

கராஜின் நடுவே நாலு சக்கரம் நின்ற இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. துடைப்பத்தை எடுத்து வந்து பெருக்க ஆரம்பித்தார். நான் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் குப்பைத் தகட்டைப் பிடித்தேன்.